எப்படிக் குடித்தாலும் வயிற்றுக்குத்தானே போகிறது? குளிசை போகும் வழியும் அதைப் படிக்கும் படிப்பும்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் எழும்பும் முன்பே அப்பாயி அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். கிளினிக்கில் கொடுத்த பிரஷர் குளிசையைக் காகிதத்தில் மடித்து, கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி, பிளேன்டீயில் போட்டுக் கலக்கிக் குடிப்பார். "முழுசாப் போட்டா நெஞ்சுல நிக்குது பாப்பா. எப்படிக் குடிச்சாலும் வயித்துக்குத்தானே போகுது" என்பார்.

ஒரு நாள் குடித்து அரை மணித்தியாலம் இருக்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, எழும்பப் போனவர் வாசற்படியிலேயே சரிந்துவிட்டார். அது நிஃபெடிபைன் என்ற மருந்து. 20 மில்லிகிராம், மெதுவாக வெளிவிடும் வகை. பல மணித்தியாலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்கு வர வேண்டியதை, கரண்டியால் நசுக்கியதில் ஒரேயடியாக வரச் செய்துவிட்டோம். இரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கிவிட்டது. நசுக்கக் கூடாது என்று கொடுத்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. குளிசை அட்டையில் 'எஸ்.ஆர்.' என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இருந்தது, மெதுவாக வெளிவிடுவது என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு வயதான மனுஷிக்கு அது என்ன சொல்லும்?

அப்பாயி பிழைத்துக்கொண்டார். அப்போது நான் உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதுதான் என் மனதில் நின்றது. எப்படிக் குடித்தாலும் வயிற்றுக்குத்தானே போகிறது, பிறகு எப்படிக் குடிக்கிறோம் என்பதில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு துறை இருக்கிறது. மருந்தாக்கவியல் என்பார்கள். அதற்குள் மருந்தை உடம்பில் வேண்டிய இடத்துக்கு, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் கொண்டுபோய்ச் சேர்ப்பதை ஆராயும் பகுதி ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே, ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சாதாரணப் பரசிட்டமோல் குளிசையை எடுத்துக்கொள்வோம். அதில் மருந்து 500 மில்லிகிராம். ஆனால் குளிசையை நிறுத்துப் பார்த்தால் அதைவிடக் கூடுதலாக இருக்கும். மிச்சம் என்ன? மாப்பொருள், துகள்களை ஒட்டவைக்கும் பசை, அச்சில் ஒட்டாமலிருக்க ஒரு வழுக்குப் பொருள். குளிசை செய்யும் முறைகளில் ஒன்று, வீட்டில் புட்டுக்கு மா பிசறுவதைப் போலவேதான். மருந்துத் தூளில் பசைக் கரைசலைத் தெளித்துத் தெளித்துப் பிசறி, உதிரி உதிரியாக வந்ததும் அரித்து, உலர்த்தி, பிறகு இயந்திரத்தில் அழுத்துவார்கள். தண்ணீர் கூடினால் புட்டு கட்டிபடுவதுபோல இதுவும் கட்டிபட்டுப் போகும். அப்படிப்பட்ட குளிசை வயிற்றில் உடைய நேரமெடுக்கும். வழுக்குப் பொருள் கூடினாலும் தொல்லைதான். அது துகள்களைச் சுற்றி மெழுகுபோலப் படிந்து தண்ணீரை உள்ளே விடாது. மருந்து அதே 500 மில்லிகிராம்தான், ஆனால் வேலை செய்யும் விதம் மாறிவிடும்.

குளிசை வயிற்றில் முதலில் உடைய வேண்டும். உடைந்த துகள் கரைய வேண்டும். கரைந்தது குடலின் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் போக வேண்டும். இவற்றில் கரைதலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

பெரிய இலைத் தேயிலையை ஒரு கோப்பையிலும் டஸ்ட் தூளை இன்னொரு கோப்பையிலும் போட்டு, இரண்டிலும் கொதிநீர் ஊற்றிப் பாருங்கள். டஸ்ட் ஊற்றிய கையோடு கறுத்துவிடும். இலை மெல்ல மெல்லத்தான் சாயம் விடும். இரண்டும் ஒரே செடியின் கொழுந்தாகக்கூட இருக்கலாம். வித்தியாசம் பருமனில்தான். ஒரு துண்டைப் பொடியாக்கப் பொடியாக்கத் தண்ணீர் தொடும் பரப்பு கூடிக்கொண்டே போகிறது. பரப்பு கூடினால் கரையும் வேகமும் கூடும். 1897இல் அமெரிக்காவில் நொயஸ், விட்னி என்ற இருவர் திண்மம் கரையும் வேகத்தைக் கணக்காக எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் மருந்தாக்கவியல் மாணவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்குத் தொழிற்சாலையில் சலித்துப் பிரித்த தேயிலைக் குவியல்கள்தான் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு குவியலும் ஒவ்வொரு வேகம்.

இதற்கு மருந்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தலையில் வரும் படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபுல்வின் தண்ணீரில் லேசில் கரையாது. அதை மிக நுண்ணிய பொடியாக அரைத்துக் குளிசை செய்தபோது, முன்பு கொடுத்த அளவில் பாதியே போதும் என்றாயிற்று. அதே மருந்து, பாதி அளவு, அதே பலன். ஒரு புதிய மூலக்கூறைக் கண்டுபிடிக்காமலே இத்தனை செய்ய முடிகிறது என்பதுதான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது.

சரி, கரைந்துவிட்டது. அப்புறம்? குடலிலிருந்து உறிஞ்சப்படும் மருந்து நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் ஈரலுக்குப் போகிறது. ஈரல் அன்னியப் பொருளைக் கண்டால் அதை உடைத்துப் பார்க்கும். நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுக்கும் ஜிடிஎன் குளிசையை விழுங்கினால் அதில் பெரும்பங்கை ஈரலே அழித்துவிடும். அதனால்தான் அதை நாக்குக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். நாக்கின் அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் ஈரலைச் சுற்றாமல் நேராக மருந்தைக் கொண்டுபோகின்றன. சில நிமிடத்திலேயே நெஞ்சு இளகும். "நாக்குல வச்சா எரியுது" என்று சொல்லித் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மருந்து எடுத்தும் எடுக்காத மாதிரிதான்.

இன்சுலினை ஏன் ஊசியாகவே போட வேண்டியிருக்கிறது என்றும் பலர் கேட்பார்கள். இன்சுலின் ஒரு புரதம். நாம் சாப்பிடும் பருப்பையும் முட்டையையும் செரிப்பதுபோலவே வயிறு அதையும் செரித்துவிடும். 1922இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஊசியாகக் கொடுத்தார்கள். நூறு ஆண்டு தாண்டியும் அன்றாடம் விழுங்கும் இன்சுலின் குளிசை ஒன்று இன்னும் கைக்கு வரவில்லை. உலகம் முழுக்க எத்தனையோ ஆய்வுகூடங்கள் இதில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன.

தோட்டங்களில் இழுப்பு நோய் உள்ளவர்கள் நிறையப் பேர். புகையடுப்பும் குளிரும் ஈரமும் சும்மா விடுமா? அவர்களுக்கு டாக்டர், மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்கும் பம்ப் எழுதிக் கொடுத்தால் வீட்டில் ஒரு பயம் வந்துவிடும். "பம்ப் பழகிரும், கடைசி வரைக்கும் விடாது, குளிசையே போதும்" என்பார்கள். இந்தப் பயத்தைப் போக்க ஒரு கணக்குப் போதும். சல்பியூட்டமோல் குளிசையில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கலாம். பம்பை ஒரு தடவை அடித்தால் வருவது 100 மைக்ரோகிராம். இரண்டு தடவை அடித்தால் 200. அந்தக் குளிசையின் இருபதில் ஒரு பங்கு. குளிசை உடம்பு முழுக்கச் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, கடைசியில் ஒரு சிறு பங்குதான் நுரையீரலுக்கு வருகிறது. பம்போ நோய் இருக்கும் இடத்துக்கே மருந்தைக் கொண்டுபோகிறது. 1955இல் அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றின் தலைவரான ஜோர்ஜ் மேசனிடம், இழுப்பு நோயுள்ள அவருடைய மகள், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தும் ஏன் வரக் கூடாது என்று கேட்டாளாம். அடுத்த ஆண்டே அளவாக அடிக்கும் பம்ப் கடைக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அப்போது 13 வயது.

ஆனால் பம்பை அடிக்கும் கையும் உள்ளே இழுக்கும் மூச்சும் ஒன்றுசேர வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டையில் அடித்துக்கொண்டு நின்றுவிடும். சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் அதற்காகத்தான் பம்புக்கும் வாய்க்கும் இடையில் ஸ்பேசர் என்ற குழாயை வைக்கச் சொல்கிறார்கள். இதுவும் மருந்தைக் கொண்டுசேர்க்கும் அறிவியலில் ஒரு பகுதிதான்.

இன்னும் இரண்டு விஷயம் நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்துக் குளிசையைப் பிளேன்டீயோடு குடிக்கவே கூடாது. தேநீரின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலுக்குள் விடாது. எலுமிச்சம் பழச்சாறோடு எடுத்தால் நன்றாகச் சேரும். தேயிலை பறிக்கும் கைகளுக்கே தேநீர் இப்படி எதிரியாக வருவது எனக்கு எப்போதும் மனக்கஷ்டம் தரும் விஷயம். இரண்டாவது, குளிசை வைக்கும் இடம். அடுப்புக்கு மேலே தட்டில் வைத்தால் சூடு, ஜன்னலோரம் வைத்தால் மூடுபனியின் ஈரம். பழைய அஸ்பிரின் போத்தலைத் திறந்து மோந்து பாருங்கள். வினாகிரி வாசம் அடித்தால், ஈரம் உள்ளே போய் மருந்து உடைந்து அசற்றிக் அமிலம் வெளியே வருகிறது என்று அர்த்தம். வெப்பமும் ஈரமும் கூடிய நாடுகளுக்கான மருந்துகளை 30 பாகையிலும் 75 சதவீத ஈரப்பதனிலும் மாதக்கணக்கில் வைத்துச் சோதிப்பது இதற்காகத்தான்.

இப்போது அப்பாயியின் குளிசைக்குத் திரும்பலாம். மருந்தை மெதுவாக வெளிவிட வைப்பது எப்படி? சிலவற்றில், தண்ணீர் பட்டதும் ஊதிப் பசையாகும் ஒரு பொருளுக்குள் மருந்தைக் கலந்து அழுத்தியிருப்பார்கள். வெளிப்பக்கம் வழுவழுவென்று பசையாகி, உள்ளே இருக்கும் மருந்து அந்தப் பசையைக் கடந்து ஊர்ந்து வர வேண்டியிருக்கும். சிலவற்றில் சின்னச் சின்ன உருண்டைகளுக்குப் பல தடிப்பில் மேற்பூச்சு இருக்கும். மெல்லிய பூச்சுள்ளது முதலில் விடும், தடித்தது பிறகு விடும். நீரிழிவுக்காரர்கள் சிலர் "மாத்திரை அப்படியே மலத்தில் வந்துட்டு" என்று பயந்துபோய்க் கேட்பார்கள். மெதுவாக வெளிவிடும் சில மெட்ஃபோர்மின் குளிசைகளில் மருந்து போன பின் வெறும் கூடு வெளியேறுவது உண்டு. பயப்பட வேண்டியதில்லை. 1961இல் டக்கெரு ஹிகுச்சி என்ற ஆய்வாளர், களிம்புக்குள் கலந்த மருந்து வெளிவரும் அளவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும் என்று காட்டினார். பசையாகும் குளிசைக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். அதாவது இரட்டிப்பு மருந்து வெளிவர நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஓரத்தில் இருப்பது சுலபமாக வந்துவிடும், நடுவில் இருப்பது நெடுந்தூரம் நடந்து வர வேண்டும். கரண்டியால் நசுக்கும்போது அந்தத் தூரத்தைத்தான் நாம் இல்லாமல் செய்துவிடுகிறோம்.

இதையெல்லாம் ஆய்வுகூடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? கரைதல் சோதனை இயந்திரம் என்று ஒன்று. அடிப்பக்கம் உருண்டையான ஆறு கண்ணாடிப் பாத்திரங்கள் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 900 மில்லிலீற்றர் திரவம், 37 பாகை, அதாவது நம் உடம்புச் சூடு. நடுவில் ஒரு துடுப்பு நிமிடத்துக்கு 50 தடவை சுற்றும். ஆறிலும் ஒவ்வொரு குளிசை போட்டு, 5, 10, 15, 30 நிமிடம் என்று குறித்த நேரத்தில் கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி எடுத்து, வடிகட்டி, அதில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று ஒளி அளவியில் பார்ப்பார்கள். பரசிட்டமோல் என்றால் 243 நனோமீற்றர் ஒளி. பிறகு நேரத்துக்கு எதிராகக் கோடு வரைய வேண்டும். முதல் தடவை நான் செய்தபோது மூன்றாவது பாத்திரத்துக் குளிசை அடியில் ஒட்டிக்கொண்டது, கோடு வளைந்துவிட்டது. காலையிலிருந்து செய்த வேலை முழுக்கத் திரும்பவும். ஆய்வு என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரே வேலையை, ஒரே கவனத்தோடு, சலிக்காமல் பலமுறை செய்வது. கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை வீட்டிலிருந்தே வரும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

இந்தச் சோதனை நம் நாட்டுக்கு ஏன் முக்கியம் என்பதற்குச் சேனக பிபிலேயை நினைக்க வேண்டும். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர், இலங்கையின் முதல் மருந்தியல் பேராசிரியர். விலை கூடிய வணிகப் பெயர்களை விட்டுவிட்டு மருந்தின் பொதுப்பெயரில் வாங்கினால் ஏழை நாடும் நல்ல மருந்து கொடுக்கலாம் என்று வாதாடி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியவர். 1977இல் கயானாவில் காலமானார். பொதுப்பெயர் மருந்து என்று சொன்னால், வேறு வேறு கம்பனிகள் செய்த குளிசை ஒரே மாதிரி கரைந்து ஒரே மாதிரி இரத்தத்துக்கு வர வேண்டும் அல்லவா? அதை உறுதிப்படுத்த ஆள் வேண்டும், கருவி வேண்டும், படிப்பு வேண்டும். 2015இல் சட்டம் போட்டு உருவாக்கிய தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கும் இந்த அறிவுதான் அடிப்படை.

படிக்கும் வழிக்கு வருவோம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. உயர்தரப் பெறுபேற்றின் இஸட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்து இடத்தைத் தீர்மானிக்கும். பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, ருஹுணு போன்ற பல்கலைக்கழகங்களில் மருந்தாளர் பட்டப் படிப்பு இருக்கிறது, நான்கு ஆண்டு. நமக்குப் பேராதனை பக்கம், ஹட்டனில் ரயிலேறிக் கம்பளை தாண்டினால் வந்துவிடும். மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி கிடைக்காமல் 'ஏதோ கிடைத்தது' என்று இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படி வந்தவள்தான். அந்த மனக்குறையோடு முதலாண்டு முழுவதையும் வீணாக்கிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையான முட்டுக்கட்டை மொழிதான். பதின்மூன்று வருஷம் தமிழில் படித்துவிட்டு, திடீரென்று விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். தெரிந்த விஷயமே தெரியாததுபோல இருக்கும். முதல் பரீட்சையில் நான் பின்தங்கியது இரசாயனம் தெரியாமல் இல்லை, கேள்வியை வாசிக்கத் தெரியாமல். ஒவ்வொரு பாடத்தையும் இரவில் தமிழில் ஒருமுறை எழுதிப் பார்ப்பேன். தேயிலைத் தூள் உதாரணம் அப்படி எழுதியபோது வந்ததுதான். வாய்விட்டுக் கேள்வி கேட்கப் பயப்படக் கூடாது. ஆங்கிலத்தில் தப்புத் தப்பாகக் கேட்டாலும் பரவாயில்லை.

பல்கலைக்கழகத்திலேயே நின்று ஆய்வு செய்ய வேண்டுமென்றால் பட்டத்தில் நல்ல வகுப்பு வேண்டும். முதலில் பெரும்பாலும் தற்காலிக விரிவுரையாளர் வேலை. செய்முறை வகுப்பு எடுப்பது, விடைத்தாள் திருத்துவது. பிறகு தகுதிகாண் விரிவுரையாளர், கலாநிதிப் பட்டம் முடித்துச் சிரேஷ்ட விரிவுரையாளர், கடைசியில் பேராசிரியர். கலாநிதிப் படிப்புக்கு ஜப்பான், அவுஸ்திரேலியா, பிரித்தானியா என்று புலமைப்பரிசில் எடுத்துப் போகிறவர்கள் அதிகம். போகும் இடத்தைவிட, வழிகாட்டும் பேராசிரியர் யார் என்பதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். மூன்று நான்கு வருஷம் அவர் கையில்தான் இருக்கப் போகிறீர்கள். அவருடைய பழைய மாணவர்களிடம் கேட்டு அறிந்துகொண்டு போங்கள்.

வருமானம் உடனே வராது. நண்பர்கள் பார்மசியிலும் மருந்துக் கம்பனியிலும் சம்பளம் வாங்கும்போது நீங்கள் உதவிப்பணத்தில் நாளை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் தம்பி தங்கை படித்துக்கொண்டிருந்தால் இது லேசான முடிவில்லை. சில வருஷம் மருந்தாளராக வேலை செய்து, வீட்டை நிமிர்த்திவிட்டு, பிறகு ஆய்வுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. மறுப்பும் நிறைய வரும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைப் பிளாஸ்டிக் போன்ற பொருளிலிருந்து நாட்கணக்கில் மெதுவாக வெளிவிட முடியும் என்று 1976இல் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மனோடு சேர்ந்து காட்டிய அமெரிக்க ஆய்வாளர் ரொபர்ட் லாங்கருக்கு, ஆரம்பத்தில் ஆய்வு நிதி விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிராகரிக்கப்பட்டன. மருந்தைச் சின்னஞ்சிறு கொழுப்புக் குமிழிக்குள் வைத்துக் கொண்டுபோகும் யோசனையும் 1960களிலிருந்து வளர்ந்து வந்ததுதான். அந்தக் குமிழியில்தான் கொவிட் காலத்து ஃபைஸர் தடுப்பூசி நம் கைக்குள் வந்தது.

நம் ஊரிலிருந்தே எழும் கேள்விகளும் கொஞ்சமில்லை. சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற அளவில் குளிசை இல்லாதபோது, பெரியவர்களின் குளிசையை நசுக்கி, தூளைப் பங்கு பிரித்துக் காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது இங்கே நெடுநாள் வழக்கம். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரே அளவு மருந்து இருக்கிறதா? ஈரமான லயத்து அறையில் அந்தக் காகிதத்துக்குள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? அரிசி மணி அளவு சின்னக் குளிசைகளாகவே செய்துவிட முடியாதா? ஒரு இறுதியாண்டு மாணவர் தராசும் ஒளி அளவியும் வைத்துத் தொடங்கக்கூடிய வேலை இது.

அப்பாயிக்கு அன்றைக்கே டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார், தொண்டையில் இறங்கும் அளவில் ஒரு சின்னக் குளிசை. அதன் பிறகு கிளினிக்கிலிருந்து வந்ததும் அப்பாயி அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். "இது முழுங்குறதா, நுணுக்குறதா, நாக்குல வைக்கிறதா? வாசிச்சுச் சொல்லு பாப்பா."